ஆம்ப்ளிஃபையர், எர்த், பவர் கார்டு: வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஆம்ப்ளிஃபையர், ஹோம் தியேட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் செட்டு வரும். ஷாக், உறுமல், பிளக் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை ஒருவராவது இன்றைக்கு நிறுத்தினால் போதும்.

ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் ஜிவ்வென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. கரண்ட் கசிகிறதா?

இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

இன்றைய செட்டுகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பும் ஒயர்) பெட்டிக்கு. இரைச்சலைப் பெட்டி வழியாக எர்த்துக்கு அனுப்புவதுதான் அவற்றின் வேலை. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே, ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். 2.2 நானோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர்தான் வர முடியும். ஆளைக் கொல்லாது, ஆனால் விரலுக்குத் தெரியும். டெஸ்டரில் இருக்கும் நியான் விளக்கு எரிய இதைவிடக் குறைவே போதும்.

இரண்டாவது, நிஜமான பழுது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இன்சுலேஷன் போயிருக்கலாம். ஒயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் உதிர்ந்து, தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கலாம். இதில் வரும் கரண்டுக்கு அளவு கிடையாது.

டெஸ்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் எரியும். பழகினவர்கள் கூட அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனைப் பார்க்க வேண்டும். எது எப்படியோ, ஜிவ்வு தெரிகிறது என்றாலே உங்கள் வீட்டு எர்த் அந்தப் பெட்டி வரைக்கும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டூ பின் பிளக்கைத் திருப்பிப் போட்டால் ஜிவ்வு குறைகிறதே என்பார்கள். சில செட்டில் குறையும். ஆனால் அது வைத்தியம் ஆகாது.

என் செட்டில் டூ பின் பிளக்தான் கம்பெனியிலிருந்தே வந்தது. எர்த் இல்லையே?

பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செட்டு. எர்த் தேவைப்படாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள், அப்படியே ஓட்டலாம். ஆனால் டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார் எல்லாம் டூ பின்னாக இருந்து, ஒன்றோடொன்று ஆடியோ ஒயரில் சேரும்போது ஒவ்வொன்றின் துளிக் கரண்டும் கூடும். அப்போது ஆர்.சி.ஏ. ஜாக்கை (ஆடியோ ஒயரின் முனை) சொருகும் நேரத்தில் சுருக்கென்று இருக்கும். ஒயரைச் சொருகுவதற்கு முன் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள், செட்டுக்கும் நல்லது.

சுவரில் த்ரீ பின் சாக்கெட் இருக்கிறதே, அப்புறம் எர்த் இல்லாமல் எப்படிப் போகும்?

மூன்று ஓட்டை இருப்பதால் மூன்று ஒயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாடகை வீடுகளில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் சிவப்பும் கறுப்பும் திருகில் மாட்டியிருக்கும், மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் திருகு புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். அதை யாரும் ஒருநாளும் முடுக்கியதே இல்லை. சில போர்டில் பச்சை ஒயர் வந்திருக்கும், ஆனால் மடித்து மூலையில் செருகி வைத்திருப்பார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வாக்கில் காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட் இருக்கலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் 40, 90 என்று நிலையில்லாமல் அலைந்தால் அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை: மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம். துருப்பிடித்துப் பாதி செத்த எர்த்திலும் அது 230 காட்டிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் ஸ்விட்ச்) இருந்தால் பல்பு வைத்ததுமே டிரிப் ஆகும், அது நல்ல செய்தி. இந்த வேலையை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

எர்த் ஒயர் இல்லை என்றதும் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார் ஒருவர். ஜிவ்வு நின்றுவிட்டது. சரிதானே?

இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். நான் இங்கே எழுதியிருப்பதிலேயே ஆபத்தான வேலை இதுதான்.

நியூட்ரல் ஒயர் முழுசாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். எங்கேயாவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், போர்டில் ஒரு திருகு தளர்ந்தாலும் போதும், பேஸ் கரண்ட் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வந்து நியூட்ரலில் நிற்கும். அது எர்த் பின்னோடு சேர்ந்திருப்பதால் நேராகப் பெட்டிக்கு வந்துவிடும். செட்டு ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்க்கத்தான் எல்லாரும் பெட்டியில் கை வைப்பார்கள். அந்த நேரத்தில் பெட்டி 230 வோல்ட்டில் இருக்கும்.

எர்த் குழி போட்டுப் பல வருஷம் ஆகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

ஊற்ற வேண்டும், அதுவும் நம் ஊரில் கட்டாயம். மண் ஈரமாக இருந்தால்தான் கரண்டை வாங்கிக்கொள்ளும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. சத்துவாச்சாரி மாதிரி மலையடிவாரத்தில் நாலடி தோண்டினாலே பாறை தட்டும். கரி, உப்பு போட்டுக் குழாய் இறக்கிய குழிகூடப் பங்குனி, சித்திரையில் காய்ந்துபோகும்.

காய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் பேஸ் ஒயர் தகட்டைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் தடை 1 ஓம் என்றால் 200 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) கண நேரத்தில் விழும். 10 ஓம் என்றால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, சூடாகி விழ நேரம் எடுக்கும். 20 ஓம் என்றால் 11.5 ஆம்பியர்தான், விழவே விழாது. அவ்வளவு நேரமும் பெட்டியில் முழு வோல்டேஜ் நிற்கும். எர்த் ஒயர் இருக்கிறது, பின் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஆனாலும் ஷாக் அடிக்கும்.

அதனால்தான் பாறை நிலத்தில் வீடு இருப்பவர்களிடம் ஆர்.சி.சி.பி. போடுங்கள் என்று விடாமல் சொல்கிறேன். அது பேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடும். 100 ஓம் மோசமான எர்த்தில்கூட 2.3 ஆம்பியர் கசியும், எம்.சி.பி.க்கு அது கண்ணில் படாது, ஆர்.சி.சி.பி.க்குத் தாராளமாகப் போதும்.

குழி புதிதாகப் போடுகிறவர்களுக்கு: ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரவிதி குழாய் எலெக்ட்ரோடு குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிறது. பாறை குறுக்கிட்டால் செங்குத்திலிருந்து 30 டிகிரி வரை சாய்த்து இறக்கலாம். இரண்டு குழி போட்டு இணைப்பதும் பலன் தரும். கிச்சன் கழிவுநீர் போகும் இடமாகப் பார்த்துப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் எர்த் போட்டதில் அர்த்தம் இருக்கிறது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது. எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள், எதை எடுத்ததும் நிற்கிறதோ அதில்தான் கசிவு. கெய்சரும் மோட்டாரும்தான் பெரும்பாலும் மாட்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள்.

எர்த் பின்னை எடுத்தால் ஸ்பீக்கரில் உறுமல் நின்றுவிடுகிறது. அப்புறம் ஏன் எடுக்கக் கூடாது?

நிற்கும் என்பது உண்மைதான். ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் எடுக்க மனசு வராது.

ஆம்ப்ளிஃபையர் த்ரீ பின்னில் எர்த் ஆகியிருக்கிறது. அதோடு ஆடியோ ஒயரில் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டரும் வேறொரு சாக்கெட்டில் எர்த் ஆகியிருக்கிறது. இந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே மில்லி வோல்ட் கணக்கில் வித்தியாசம் இருக்கும். ஆடியோ ஒயரின் மேல் பின்னல் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் ஆக்கிவிடுகிறது. வட்டத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பாட்டோடு கலந்து ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. எர்த் பின்னை எடுத்தால் வட்டம் அறுந்துவிடும், சத்தம் நிற்கும்.

ஆனால் வட்டத்தை எங்கே அறுத்தாலும் சத்தம் நிற்கும். ஆடியோ ஒயரில் அறுக்கலாம், கேபிள் டிவி ஒயரில் அறுக்கலாம். உயிரைக் காக்கிற ஒரே இடத்தில் ஏன் அறுக்க வேண்டும்? எர்த் பின்னை எடுத்த பிறகு பெட்டிக்குள் பழுது வந்தால், அந்தக் கரண்டுக்கு மிச்சம் இருக்கும் வழி ஆடியோ ஒயரின் மெல்லிய பின்னலும், தொடுகிறவர் உடம்பும்தான்.

சரி, பின்னை எடுக்காமல் உறுமலை எப்படி நிறுத்துவது?

முதலில் சத்தத்தைக் காதால் பிரியுங்கள். கனமாக, அடித்தொண்டையில் முனகுவது போல இருந்தால் 50 ஹெர்ட்ஸ், எர்த் வட்டமாகவோ ஆடியோ ஒயர் பின்னல் விட்டுப்போனதாகவோ இருக்கும். கொஞ்சம் கரகரப்பாக ‘ர்ர்ர்’ என்று இருந்தால் 100 ஹெர்ட்ஸ், அது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையருக்குள் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனது. அது சர்வீஸ் வேலை.

ஆம்ப்ளிஃபையரில் நுழையும் ஆடியோ ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்போதும் உறுமினால் குற்றம் உள்ளே. நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் உறுமல் வருகிறதோ அதுதான் ஆள். செட்டாப் பாக்ஸ் என்றால் அதன் பின்னால் வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நம் தெருக்களில் கேபிள் ஒயர் கம்பத்துக்குக் கம்பம் தாவி, எந்தெந்த வீட்டு எர்த்தையோ தொட்டுக்கொண்டு வருகிறது. நான் பார்த்தவரையில் உறுமலுக்கு மூலம் இதுவாகத்தான் நிறைய இருக்கும்.

பிறகு, ஆடியோவில் சேர்ந்திருக்கும் எல்லாச் செட்டையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். பாதி உறுமல் இதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று கேளுங்கள், கார் ஸ்டீரியோ சாமான் விற்கும் கடைகளில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற பெயரில் சின்ன டப்பாவாகக் கிடைக்கும். ஆடியோ ஒயரின் நடுவே அதைச் செருகினால் பாட்டு மட்டும் காந்தப் புலம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மலிவானதில் பாட்டின் கனமான அடி ஒலி கொஞ்சம் மெலியும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஆப்டிகல் ஒயர் வசதி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, அதில் செம்பே இல்லை.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வீட்டு ஆம்ப்ளிஃபையரை வாசலில் வைத்து மைக் மாட்டினோம். மைக் உதட்டில் பட்டதும் ஷாக்.

மைக் ஒயரின் பின்னல் நேராக ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு சேர்ந்திருக்கும். பெட்டியில் இருப்பதுதான் மைக்கிலும் இருக்கும். வாசல் தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு உடம்பின் தடை மிகவும் குறைந்துவிடும், வீட்டுக்குள் செருப்புக் காலோடு ஜிவ்வென்று மட்டும் தெரிந்தது இங்கே தூக்கிப் போடும்.

இன்னொன்று, மைக்குகளைச் சேர்க்கும் ஆடியோ மிக்ஸருக்கு ஒரு வீட்டிலிருந்தும் ஆம்ப்ளிஃபையருக்கு எதிர்வீட்டிலிருந்தும் கரண்ட் இழுப்பார்கள். இரண்டு வீடும் வேறு வேறு பேஸில் இருக்கலாம், எர்த்தும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டிலிருந்து, ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இருக்கும் த்ரீ பின் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். ஒயர் ஜாயின்ட் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

பவர் கார்டு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

500 வாட் இழுக்கும் செட்டுக்கு ஏறக்குறைய 2.2 ஆம்பியர்தான். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரே தாங்கும், 1 போட்டால் நிம்மதி. எக்ஸ்டென்ஷனுக்கு 1.5. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். மலிவான கார்டுகளில் மேல்தோல் தடியாக இருக்கும், உள்ளே செம்பு நூல் போல இருக்கும். சிலவற்றில் மூன்று பின் வைத்து உள்ளே இரண்டே ஒயர் ஓடும்.

பிளக்கை வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பேஸ் திருகைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாகக் குழைந்திருந்தால் திருகு தளர்ந்து சூடேறியிருக்கிறது. முறுக்கிய செம்பிலிருந்து ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு எர்த் பின்னின் அடியைத் தொடப் போவது மாதிரி நிற்கும், அந்த ஒரு இழை போதும். ஒயர் நுனியில் ஈயம் பற்றவைத்துத் திருகில் மாட்டாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், திருகு தானாகத் தளரும். பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டுங்கள். யாராவது கார்டு தடுக்கி இழுத்தால் பேஸும் நியூட்ரலும் முதலில் பிடுங்கிக்கொள்ளும், எர்த் கடைசியில். எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதும் இதற்குத்தான், சொருகும்போது முதலில் தொடும், உருவும்போது கடைசியில் விடும்.

நிறம்: பழைய ஒயரில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போதைய கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த்.

அலமாரிக்குப் பின்னால் எலி கடித்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், கார்டை மாற்றிவிடுங்கள்.

ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பவர் கார்டு மாற்றினால் ஒலி நன்றாக இருக்குமா?

இருக்காது. கம்பத்திலிருந்து உங்கள் சுவர் வரை சாதாரண ஒயரில் வந்த கரண்ட் கடைசி ஒன்றரை மீட்டரில் மாறிவிடாது. அந்தக் காசில் எர்த் குழியைப் புதுப்பித்து ஆர்.சி.சி.பி. போடலாம்.

சவுதியிலிருந்து, அமெரிக்காவிலிருந்து வந்த செட்டு?

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இது நிறைய. சவுதியில் வெகுகாலம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம் இருந்தது. அங்கே வாங்கிய பழைய டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 110, 127, 220, 240 என்று திருகும் செலக்டர் இருக்கும். பிளக் போடுவதற்கு முன்னால் அது 220 அல்லது 240-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 127-இல் வைத்துப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அமெரிக்கச் செட்டு 120 வோல்ட், ஜப்பான் 100. செலக்டர் இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் எர்த் பின்னோடு இருப்பதாக.

துபாய், கத்தார் செட்டில் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, பிளக்தான் வேறு, சதுரப் பின் மூன்று. மலிவான ‘எல்லா நாட்டு’ அடாப்டர் போட்டால் எர்த் அங்கேயே அறுந்துவிடும். நம் த்ரீ பின் உள்ள நல்ல கார்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சதுர பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தது, நம் பிளக்கில் கிடையாது, ஆகவே செட்டின் பின்னால் ஃபியூஸ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது, கொஞ்சம் தடியாகப் போடலாமா?

கூடாது. அளவும், கூடவே ‘டி’ அல்லது ‘எஃப்’ என்ற எழுத்தும் அதே வேண்டும். வட்ட டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஆன் செய்யும் கணத்தில் நிறைய இழுக்கும், அதற்கு மெதுவாகப் போகும் ‘டி’ வகை. அதில் வேகமாகப் போகும் ‘எஃப்’ போட்டால் சும்மாவே போகும். சரியான வகை போட்டும் போனால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

இடி மின்னல், ஹை வோல்டேஜ்?

மழை கூடும்போதே பிளக்கையும் கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது, மின்னல் அந்த இடைவெளியைத் தாண்டும். சர்ஜ் (கண நேரம் எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் நல்ல எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டுக்கு 300-க்கு மேலும் வரலாம், அதற்கு சர்ஜ் டப்பா உதவாது, வோல்டேஜ் கூடினால் வெட்டும் கட் ஆஃப் வேண்டும். பல்புகள் திடீரென்று பளீரென்றும் மங்கலாகவும் மாறி மாறி எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்து வால்வ் ரேடியோவை ஓட்டிப் பார்க்கலாமா?

நேராகச் சுவரில் சொருகாதீர்கள். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த சில செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் கரண்டின் ஒரு ஒயரோடு நேராகச் சேர்ந்திருக்கும். மர டப்பாவும் பேக்கலைட் குமிழும்தான் கையைக் காப்பாற்றும். குமிழ் கழன்று வெறும் கம்பி தெரிந்தால் அதில் 230 இருக்கலாம். அந்தச் சட்டத்துக்கு எர்த் கொடுக்கவும் கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்து ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்?

ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறோம். ஒயரிங் நேரத்தில் என்ன சொல்லிவைக்க வேண்டும்?

ஹாலில் டிவியும் ஆம்ப்ளிஃபையரும் வரும் சுவரில் நாலைந்து 6 ஆம்பியர் சாக்கெட், பக்கத்தில் ஒரு 16 ஆம்பியர், எல்லாம் ஒரே லைனில். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை ஒயர் வர வேண்டும், பூச்சு வேலைக்கு முன்னால் நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். இன்வெர்ட்டர் லைனுக்கும் எர்த் தனியாகச் சொல்லுங்கள், அதைத்தான் மறப்பார்கள். எர்த் குழியின் மேல் மூடி திறக்கிற மாதிரி இருக்கட்டும், டைல்ஸ் போட்டு மூடிவிட்டால் கோடையில் தண்ணீர் ஊற்ற வழியிருக்காது.